குளிசையை ஐந்து நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: அக்கா, என் அண்ணாவுக்கு 31 வயது. வெங்காயத் தோட்டம் செய்பவர். இரண்டு மாதமாகத் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி விறாந்தையில் இருக்கிறார். சாப்பாடும் வேண்டாம், குளிப்பும் வேண்டாம். அம்மா சோம்பல் என்கிறார். ஒரு டொக்டர் மனச்சோர்வு என்று குளிசை தந்தார். ஐந்து நாள் போட்டும் மாற்றமில்லை என்று அம்மா நிறுத்திவிட்டார். தெல்லிப்பளைக்குக் கூட்டிப் போவோமா என்றால், “உனக்குக் கலியாணம் பேசுற நேரத்தில விசர் ஆஸ்பத்திரியோ?” என்கிறார்.
- வாசகி, உரும்பிராய்

பதில்: தங்கச்சி, உங்கள் அம்மாவில் எனக்குக் கோபமில்லை. என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அப்பாவின் சீனி வருத்தக் கொப்பி சாமித்தட்டில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும். சின்னக்காவின் கிளினிக் கொப்பி மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைந்திருக்கும். ஒரு கிளினிக் நாளில் மாமி வந்து குசினியிலேயே இருந்துவிட்டார். பானையைத் திறக்க வழியில்லை. அந்த மாதம் மருந்தே எடுக்கவில்லை. அக்கா மறுபடி படுத்துவிட்டார். கலியாணத்துக்காக மறைத்தோம், வருத்தம்தான் நீண்டது.

சரி, குளிசைக்கு வருவோம். ஐந்து நாள் காணாது. இந்த மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும், சிலருக்கு ஆறு. தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். பிறகு டொக்டரே மெல்லக் குறைப்பார். குடிபோல அடிமையாக்கும் மருந்தல்ல, ஆனால் திடீரென்று விட்டால் தலைச்சுற்று வரலாம். தைரொயிட் குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருவதுண்டு, இரத்தமும் சோதிக்கக் கேளுங்கள்.

சோம்பேறிக்கு ஏன் மூன்று மணிக்கு நித்திரை கலைகிறது? அம்மாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை இன்றைக்கே செய்யுங்கள். தோட்டக்காரர் வீடு, பூச்சிமருந்து இருக்கும். அதை வளவை விட்டே அகற்றுங்கள். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலைகள் இலங்கையில் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது பெரிய காரணம். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று அண்ணாவிடம் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடுச்சாமமானாலும் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம் அது. தமிழிலும் பேசுவார்கள்.

தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு, காசு தேவையில்லை. போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஐந்து நாளில் ஏன் நிறுத்தினார் என்பதை அவரே டொக்டரிடம் சொல்லட்டும்.