7 டிகிரி முகடு எங்கே போனது?

சிடிஏபி (நீண்ட கரிம வால் கொண்ட ஒரு புரோமைடு உப்பு) சேர்த்த மாண்ட்மோரில்லோனைட் என்ற அடுக்குக் களிமண்ணில் 7 டிகிரி முகடு மறைந்துவிட்டது, ஆகவே அடுக்குகள் முழுவதும் பிரிந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) வரைபடம் 5 டிகிரியில்தான் தொடங்குகிறது. தாமிரக் கதிருக்கு அது சுமார் 17.7 ஆங்ஸ்ட்ராம் அடுக்கு இடைவெளி, அதைவிட அகன்றால் முகடு இன்னும் சிறிய கோணத்துக்கு நகர்ந்து படத்துக்கு வெளியே நிற்கும். சோடியம் களிமண்ணில் 12.5 ஆக இருப்பது, இந்த நீண்ட வால் மூலக்கூறு போதிய அளவு நுழைந்தால் 19, 20 வரை போவது சாதாரணம். 2 டிகிரியிலிருந்து, குறுகிய பிளவு வைத்து, மீண்டும் ஓட்டுங்கள். (அங்கே நேர்க்கற்றை பின்னணியை ஏற்றிவிடும், அதையே முகடு என்று நான் ஒருமுறை கொண்டாடியிருக்கிறேன்.)

அதற்கு முன், கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். வெளிர்மஞ்சளாகக் கலங்கினால் புரோமைடு இன்னும் போகவில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் தெரியும் 2920, 2850 செ.மீ⁻¹ முகடுகள் கரிமப் பொருள் இருப்பதைச் சொல்லும். அது அடுக்குக்குள் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.