வலப்பக்கம் பெரிசா இருக்கு, ஓட்டை இல்லைன்னு சொன்னா

44 வயசு, மாடி ஏறினா மூச்சு வாங்குது, எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இதயத்தின் வலப்பக்கம் பெரிசு, ஆனா "ஓட்டை எதுவும் இல்லை"ன்னு அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கடைசி வரியை அப்படியே நம்பிடாதீங்க. எனக்கு 41 வயசுல கிட்டத்தட்ட இதே ரிப்போர்ட்தான் வந்தது.

வலப்பக்கம் சும்மா பெரிசாகாது. நுரையீரல் அழுத்தம், வால்வு கசிவுன்னு வேற காரணங்களும் இருக்கலாம். எனக்கு இருந்தது சைனஸ் வீனோசஸ் ஏ.எஸ்.டி., அதாவது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவுல பிறவியிலேயே இருக்கிற ஒரு வகை ஓட்டை. உடம்பின் மேல்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வர்ற மேல்பெருஞ்சிரை வந்து சேர்ற உச்சியில ஒளிஞ்சிருக்கும். நெஞ்சு மேல வச்சுப் பார்க்கிற எக்கோவில் பல சமயம் தப்பிடும். பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்கம் சேர வேண்டிய வலது நுரையீரல் சிரை ஒண்ணும் இடம் மாறி அந்தப் பெருஞ்சிரையிலேயே போய்ச் சேரும். சுத்தமான ரத்தம் வலப்பக்கம் வந்து மறுபடி நுரையீரலுக்கே போகுது, அதனாலதான் அந்தப் பக்கம் பெரிசாகுது. டாக்டர் பேனா நுனியால ஸ்கேன்ல அந்தச் சிரையைத் தொட்டுக் காட்டினப்பதான் எனக்கே புரிஞ்சது.

தொண்டை வழியா எடுக்கிற டி.இ.இ. எக்கோ, இல்லைன்னா இதய சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. வேணுமான்னு கேளுங்க. நாலு நுரையீரல் சிரையும் எங்கே சேருதுன்னு ரிப்போர்ட்டில் தனியா எழுதச் சொல்லுங்க. பெரியவங்களோட பிறவி இதய நோய் பார்க்கிற டாக்டராப் பார்த்தா நல்லது.

இந்த வகைக்கு, ரத்தக்குழாய் வழியா கொண்டுபோய் ஓட்டையை அடைக்கிற வழக்கமான குடை அடைப்பான் சரிவராது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி நுரையீரல் அழுத்தம் அளப்பாங்க. ரொம்பக் கூடியிருந்தா ஓட்டையை மூடுறதே ஆபத்து. நடுவுல மயக்கமோ நிக்காத படபடப்போ வந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

பழைய எக்கோ படங்கள் பதிவான டிஸ்க் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, காகிதம் மட்டும் போதாது.