வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: தாம்பரம் அருகே வாடகை வீட்டில் வசிக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் மூன்று பேரைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஐந்து குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முன்னறையை ஒதுக்கி, 'ப்ளே ஸ்கூல்' என்று போர்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். இரவுப் பணி பார்க்கும் ஒரு தாய், ராத்திரியும் வைத்துக்கொள்ள முடியுமா என்கிறார். 'எது நடந்தாலும் நான் பொறுப்பல்ல' என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினால் போதும் என்கிறார் என் அண்ணன். என்ன லைசென்ஸ் வாங்க வேண்டும்?

பதில்: முதலில் அண்ணன் சொன்ன அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஒரு சேவை. அதில் கவனக்குறைவு இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நீங்கள் வாங்கிய கையெழுத்து அதைத் தடுக்காது. குற்ற வழக்கில் அதற்கு மதிப்பே இல்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ அதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அதற்குப் பதிலாக வேறொரு தாளை எழுதுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த உணவு ஒவ்வாது, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவர், என்ன மருந்து கொடுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்பது. கணவன் மனைவிக்குள் சண்டை வந்து பிரிந்த வீடுகளில், ஒருநாள் மதியம் அப்பா வந்து வாசலில் நிற்பார். 'அவரிடம் கொடுக்காதீர்கள்' என்று அம்மா போனில் அழுவார். ஐந்து வயதுக்குட்பட்ட இந்துக் குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் வாசற்படியில் நின்று அதைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. சேர்க்கும் நாளிலேயே தாய், தந்தை இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அழைத்துப் போகக்கூடியவர்களின் பெயர், புகைப்படம், கைபேசி எண் இருக்கட்டும். நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே அலுவலகத்தில் ஒரே தாளாக வாங்கிவிடக்கூடியது இல்லை இது. ஆனால் போர்டில் 'ஸ்கூல்' என்ற சொல்லை எழுதினீர்கள் என்றால், விளையாட்டுப் பள்ளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2015-இல் கொண்டுவந்த விதித்தொகுப்பும் கல்வித்துறையின் அனுமதியும் உங்களைத் தேடி வரும். பாடம் நடத்தாமல் பார்த்துக்கொள்ள மட்டும் போகிறீர்கள் என்றால் அந்தச் சொல் எதற்கு? 'பகல் நேரக் குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினால் போதும்.

உங்களுக்கு உடனடி ஆபத்து வீட்டு உரிமையாளரிடமிருந்துதான். உங்கள் ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தில், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதும் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். 'வாயால் சரி என்றாரே' என்பது வாடகை நீதிமன்றத்தில் எடுபடாது. எழுத்தில் சம்மதம் வாங்கி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளையும் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். வக்கீலான நான் வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்தால் வீட்டுக் கட்டணமே போதும். அந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். வீட்டு இணைப்பை வேறு தேவைக்குப் பயன்படுத்தியதாகக் கண்டால் மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆவது பிரிவில் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு கேட்பார்கள். எந்தக் கட்டணப் பிரிவு என்று உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பெற்றோரே டிபன் டப்பாவில் கொடுத்தனுப்பினால் அந்தத் தலைவலி இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம்.

கசப்பான ஒன்று: அந்த அறைக்குள் வீட்டு ஆண்கள் உட்பட யார் யார் வருகிறார்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். குழந்தையிடம் ஏதாவது பாலியல் தவறு நடந்ததாகத் தெரிந்தும், பெயர் கெட்டுவிடும் என்று மறைத்தால் அதுவே போக்சோ சட்டப்படி குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் ஊழியர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

இரவுப் பணித் தாயிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளை இரவில் தங்கவைத்தால், விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவில்லையே என்ற கேள்வி எழும். அந்தத் தாய் வேலை செய்யும் நிறுவனத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது இது. முதலில் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.