புழுவின் தட்டில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய உருளைப்புழு ஈ.கோலை பாக்டீரியாவைத் தின்றால் பச்சையாக ஒளிரும், கோமமோனாஸ் பாக்டீரியாவைத் தின்றால் ஒளி அணையும் என்பதை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். விஎல்749 என்ற வகைப் புழுதான். ஆனால் ஈ.கோலைத் தட்டிலும் மங்கலான ஒளியே வந்தது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் எங்கிருந்தோ வைட்டமின் பி12 தட்டுக்குள் வந்திருக்கிறது. அந்தப் புழுவில் பச்சை ஒளிரும் புரதம், ஏசிடிஎச்-1 என்ற மரபணுவின் முன்னியக்கியோடு, அதாவது அதை இயக்கும் டிஎன்ஏ பகுதியோடு, இணைக்கப்பட்டிருக்கிறது. ஒளி தெரிந்தால் அந்த மரபணு வேலை செய்கிறது என்று பொருள்.

வேலின், ஐசோலூசின் போன்ற அமினோ அமிலங்கள் சிதையும்போது புரோப்பியோனேட் உண்டாகும். அது சேர்ந்தால் நஞ்சு. பி12 இருந்தால் வழக்கமான வேதிவினைப் பாதையில் அது செலவாகிவிடும். இல்லாவிட்டால் புழு ஒரு மாற்றுப்பாதையைத் திறக்கிறது. அதற்கான ஐந்து மரபணுக்களில் ஒன்றுதான் ஏசிடிஎச்-1. புரோப்பியோனேட் தொடர்ந்து மிகுந்திருந்தால் மட்டுமே என்எச்ஆர்-10, என்எச்ஆர்-68 என்ற இரு புரதங்கள் சேர்ந்து அதை முடுக்குகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மரியான் வால்ஹவுட் குழுவினர் படிப்படியாக அவிழ்த்த அழகான கதை இது. கோமமோனாஸ் பி12-ஐத் தானே தயாரிக்கும், புழுவுக்கு வழக்கமாக உணவாக இடும் ஓபி50 என்ற ஈ.கோலை வகை தயாரிக்காது, வளர்ப்பு ஊடகத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். உணவின் கலோரியைவிட இந்த ஒரு வைட்டமின்தான் இங்கே பேசுகிறது. அதனால்தான் ஓபி50-இல் கோமமோனாஸைச் சிறிதளவே கலந்தாலும் ஒளி குறைகிறது.

ஆகவே முதலில் பெப்டோனை, அதாவது பாக்டீரியா வளர ஊடகத்தில் சேர்க்கும் சிதைத்த புரதத்தை, பாருங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் சேர்க்கிறோமே, அது விலங்குப் புரதத்திலிருந்து எடுத்தது என்றால் பி12 சுவடு இருக்கும். சோயா பெப்டோனுக்கு மாறுங்கள்.

அடுத்தது கலப்படம். கோமமோனாஸ் தட்டிலிருந்து எடுத்த புழு, தோலிலும் குடலிலும் அந்தப் பாக்டீரியாவைச் சுமந்து வரும். பிளாட்டினம் கம்பியை ஒவ்வொரு முறையும் சுடரில் காட்டுங்கள். அதுவும் போதாது, முட்டையிலிருந்தே தொடங்குவது நல்லது. முட்டை நிறைந்த புழுக்களை 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மி.லி., ப்ளீச் 2 மி.லி., நீர் 7 மி.லி. கலந்த கரைசலில் குலுக்குங்கள். உடல் கரைந்ததும், அதாவது சுமார் 5 நிமிடத்தில், நிறுத்தி எம்9 என்ற உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவுங்கள். நேரம் கடந்தால் முட்டையும் செத்துவிடும். கழுவிய முட்டைகளை உணவில்லாத எம்9-இல் இரவு முழுக்க விட்டால் எல்லாம் முதல் லார்வா நிலையில் நிற்கும். பிறகு இரண்டு உணவிலும் பிரித்துப் போட்டு 20 டிகிரியில் வளருங்கள். கோமமோனாஸ் தின்பவை வேகமாக வளர்வதால், மணிக்கணக்கை விட்டுவிட்டு ஒரே வளர்நிலையில் உள்ள புழுக்களை ஒப்பிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு தட்டு அவசியம்: ஓபி50-உடன் 64 நானோமோலார் பி12. அதில் ஒளி அணைந்தால் உங்கள் சோதனை சரி. பி12-இன் மெத்தில்கோபாலமின், அடினோசில்கோபாலமின் வடிவங்கள் வெளிச்சத்தில் சிதையும். புட்டியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

கேள்வி: தட்டில் கொலஸ்டிரால் சேர்ப்பது எதற்கு?

பதில்: இந்தப் புழுவால் ஸ்டீராலை, அதாவது கொலஸ்டிரால் வகைக் கொழுப்பை, தானாக உருவாக்க முடியாது. கொலஸ்டிராலிலிருந்துதான் அது டாஃபாக்ரோனிக் அமிலம் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அந்த ஹார்மோன் டிஏஎஃப்-12 என்ற ஏற்பிப் புரதத்தில் ஒட்டி, வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் போதும். எத்தனாலில் கரைத்து, ஊடகம் 55 டிகிரிக்கு ஆறிய பின் ஊற்றுங்கள். சேர்க்க மறந்தாலும் முதல் தலைமுறை தாய் தந்த இருப்பில் ஓட்டிவிடும், கோளாறு அடுத்த தலைமுறையில்தான் தெரியும். ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகாரிலும் ஸ்டீரால் சுவடு உண்டு என்பதால், கொலஸ்டிரால் இல்லாமையைச் சோதிக்க விரும்பினால் அகாரின் தூய வடிவமான அகரோஸ் பயன்படுத்துங்கள்.