ஆப் இல்லாததால்தான் மைக்ரோசாஃப்டின் மொபைல் இயங்குதளமான விண்டோஸ் போன் அழிந்ததா?

பாதி உண்மை. 2007-இல் வந்த முதல் ஐபோனில் ஆப் ஸ்டோரே கிடையாது. அது 2008 ஜூலையில்தான் வந்தது. ஆனாலும் போன் விற்றது. மாறாக, பிளாக்பெர்ரி போன்களின் இயங்குதளமான பிளாக்பெர்ரி 10 ஆண்ட்ராய்டு ஆப்களையே ஓட்டியது, 2014-இல் அமேசான் ஆப்ஸ்டோரும் சேர்ந்தது. அப்படியும் கரையேறவில்லை.

சரி, விண்டோஸ் போனுக்கு வருவோம். இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான் எட்டிப் பார்த்தது, அதுவும் பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக. ஸ்னாப்சாட் கடைசிவரை வரவே இல்லை. மைக்ரோசாஃப்ட் தானே செய்த யூடியூப் ஆப்பை கூகுள் முடக்கியது. ஆட்கள் குறைவு என்று டெவலப்பர் வரமாட்டார். ஆப் இல்லை என்று ஆட்கள் வரமாட்டார்கள். இந்தச் சுழல் நிஜம்தான்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய அடி மைக்ரோசாஃப்ட் தன் தலையில் தானே போட்டுக்கொண்டது. 2012-இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது, விண்டோஸ் போன் 7-இல் ஓடிய ஒரு போனுக்குக்கூட அந்த அப்டேட் கிடைக்கவில்லை. அதே வருடம் ஏப்ரலில் விற்பனைக்கு வந்த நோக்கியாவின் விண்டோஸ் போனான லூமியா 900-ஐ வாங்கியவர்களும் அம்போ! அவர்களுக்கு விண்டோஸ் போன் 7.8 என்று ஓர் ஆறுதல் பரிசு. 8-க்கென எழுதிய ஆப்கள் அதில் ஓடாது. சில மாதத்தில் கைவிடப்பட்டவர், அடுத்த போனையும் அங்கேயே போய் வாங்குவாரா என்ன?