19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய நகைச்சுவை நாடகங்களை ஏன் திரும்பத் திரும்ப மேடையேற்றினார்கள்?

ஒருமுறை ஓடி முடிந்த நாடகத்தைச் சில ஆண்டுகள் கழித்து, புதிய நடிகர்களோடும் புதிய ஜோடனைகளோடும் மறுபடி போடுவதுதான் மறுமேடையேற்றம். கோல்ட்ஸ்மித், ஷெரிடன் ஆகியோர் 1770களில் எழுதிய நகைச்சுவைகள் அந்த நூற்றாண்டு முழுக்க இப்படித் திரும்பத் திரும்ப வந்தன.

முதல் காரணம் பணம். புது நாடகம் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' (1777) என்றால் கூட்டம் நிச்சயம். எழுதியவர் 1816இலேயே இறந்துவிட்டார், பணம் கேட்டு வர ஆளில்லை. நடிகர்களுக்கும் வேடங்கள் பெரும்பாலும் மனப்பாடம். ஒத்திகைச் செலவு மிச்சம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் சுவையானது: ரசிகர்கள் கதைக்காக வரவில்லை. ஷெரிடனின் அந்த நாடகத்தில் ஓர் அறைக்குள் மறைப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவள் யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த வேடத்தை இந்த நடிகை எப்படிச் செய்கிறார் என்று பார்க்கவே வந்தார்கள். பாட்டி வைத்த வத்தக்குழம்பை மருமகள் கைப்பக்குவத்தில் சாப்பிட்டு, ஒப்பிட்டுப் பேசுவது மாதிரி.

பழைய நாடகத்தை எழுத்து மாறாமல் அப்படியே போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1874இல், நடிகர்களாக இருந்து நாடக அரங்கும் நடத்திய பேன்கிராஃப்ட் தம்பதியர் ஷெரிடனின் அதே நாடகத்தை லண்டனில் போட்டபோது காட்சிகளை இடம் மாற்றிச் சேர்த்தார்கள், மூலத்தில் இல்லாத ஒரு நடனத்தையும் நுழைத்தார்கள்.