பாப்பா பேங்க் வேலைக்குப் போகலாமா?

கரூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.காம். மூன்றாம் வருஷம், பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "அமெரிக்காவுல பேங்க் கவுந்துச்சு, சுவிஸ்ல கவுந்துச்சு, நம்மூர்ல பொறந்த பேங்கே இன்னைக்கு இல்ல, இதுல போயி பாப்பா சேரணுமாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார் என்ற வரியைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பேங்க் விழும்போது அதில் டெபாசிட் போட்டவர், பங்கு வாங்கியவர், வேலை பார்த்தவர் மூவருக்கும் ஒரே கதி இல்லை. உங்கள் ஊரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியையே பாருங்கள். 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. 27-ஆம் தேதியே டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் பத்திரமாகத் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்குக் காலணா கிடைக்கவில்லை. ஊழியர்கள் அதே சம்பளம், அதே நிபந்தனைகளோடு புது வங்கிக்கு மாற்றப்பட்டார்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த வங்கி, பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனில் மாட்டிக்கொண்டது. உலகக் கொந்தளிப்பின் மேல் பழி போட அதில் அதிகம் இல்லை.

எல்லா இடத்திலும் ஊழியர்கள் இப்படித் தப்புவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1856-இல் தொடங்கிய சுவிஸ் வங்கி கிரெடிட் சூயிஸை வாங்க, 2023 மார்ச்சில் இன்னொரு சுவிஸ் வங்கியான யூபிஎஸ் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்ட்டிலேயே சுவிட்சர்லாந்தில் மட்டும் சுமார் 3,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆகவே "பேங்க் வேலை என்றால் ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று சொல்லுகிற கோச்சிங் சென்டர் விளம்பரத்தையும் நம்பாதீர்கள்.

இப்போது அமெரிக்கா. சிலிக்கான் வேலி பேங்க் விழுந்ததைப் பற்றி மகளிடம் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் "வாராக்கடன் சார்" என்பார்கள். அது இல்லை. நான் அவர்களிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து ஒரு கணக்குப் போடச் சொல்வேன். 100 ரூபாய்க்கு ஒரு பத்து வருஷக் கடன் பத்திரம், வருஷத்துக்கு 5 ரூபாய் வட்டி. வாங்கி உள்ளே வைத்துவிட்டாய். மறுநாளே சந்தையில் வட்டி 8 சதவீதமாகிவிட்டது. உன் பழைய பத்திரத்தை இப்போது எவ்வளவுக்கு வாங்குவார்கள்? கால்குலேட்டரைத் தட்டினால் ஏறக்குறைய 80 ரூபாய் வரும். கடனை வாங்கியவன் ஓடவில்லை, அமெரிக்க அரசாங்கப் பத்திரம் போல உறுதியான காகிதம்தான், ஆனாலும் 20 ரூபாய் போச்சு. முதிர்வு வரை வைத்திருந்தால் 100 ரூபாய் வந்துவிடும். நடுவில் டெபாசிட்காரர்கள் பணத்தைக் கேட்டால்தான் வம்பு.

அவர்கள் கேட்டார்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க வட்டி ஒரே வருஷத்தில் 4.5 சதவீதத்தைத் தாண்டியது. இப்படிப்பட்ட பத்திரங்களை வாங்கி வைத்திருந்த சிலிக்கான் வேலி பேங்க், 2023 மார்ச் 8 அன்று, அவற்றை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். 10-ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வட்டி ஏறிக்கொண்டிருந்த அந்த 2022-இல் பெரும்பகுதி மாதங்கள் அங்கே தலைமை ரிஸ்க் அதிகாரி (வங்கிக்கு வரக்கூடிய ஆபத்துகளைக் கவனிப்பவர்) நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த நாற்காலிக்கு ஆள் வேண்டும் என்பது இப்போது எல்லா வங்கிக்கும் தெரியும்.

அதே சமயத்தில் இங்கேயும் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. நம் வங்கிகள் ஏன் அப்படி விழவில்லை? மகளே யோசித்து அரைப் பக்கம் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் கேட்கத்தக்க கேள்வி அது.

அடுத்தது, உங்கள் தெரு வரைக்கும் வந்த கொந்தளிப்பு. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. கரூர் பெட்ஷீட்டுக்கும் திருப்பூர் பனியனுக்கும் அங்கே இருக்கும் வாங்குபவர் "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு மெயில் அனுப்பினால் போதும், தைத்த சரக்கு குடோனிலேயே நின்றுவிடும். பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க பேங்க் கொடுத்த கடன், கட்ட வேண்டிய தேதி நிற்காது. 30 நாள் வரை தாமதமானால் எஸ்எம்ஏ-0 (கண்காணிக்க வேண்டிய கணக்கு, முதல் படி), 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2, அதைத் தாண்டினால் வாராக்கடன். இந்த முதலாளிக்கு அவகாசம் கொடுக்கலாமா, இவர் நிஜமாகவே சிக்கலில் இருக்கிறாரா, சரக்கைக் காட்டி ஏமாற்றுகிறாரா என்று குடோனுக்குப் போய்ப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் கிளையில் உட்கார்ந்திருக்கும் கடன் அதிகாரிதான். நிலைமை நன்றாக இருக்கும்போது அந்த வேலையை யாரும் கவனிப்பதில்லை. இந்திய வங்கிகள் கொடுத்த கடனில் வாராக்கடன் 2018-இல் 11 சதவீதத்தைத் தாண்டி, 2024-இல் 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதில் இந்த மேசைகளின் பங்கும் உண்டு.

அதனால் பாப்பா போகட்டும் என்பதுதான் என் கருத்து. எந்த வாசல் வழியாக என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

பொதுத்துறை வங்கி பிஓ (புரொபேஷனரி ஆபிசர்) தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஸ்டேட் பேங்க் தேர்வு தனி, வயது 21 முதல் 30. மற்ற அரசு வங்கிகளுக்கு ஐபிபிஎஸ் என்ற அமைப்பு நடத்தும் பொதுத் தேர்வு, வயது 20 முதல் 30. பிஓ என்றால் இந்தியாவில் எந்த மூலைக்கும் போடுவார்கள், அதற்கு வீடு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளட்டும். வெளியூரே வேண்டாம் என்றால், சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்கான தேர்வையும் சேர்த்து எழுதலாம். இரண்டு வருஷம் முழு மூச்சாக எழுதிப் பார்க்கட்டும். ஐந்து வருஷம் கோச்சிங் அறையிலேயே உட்கார்ந்து முப்பதைத் தொட்ட பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அந்த அரை மணி நேரம் எனக்கே பிடிக்காது.

"ரிஸ்க் மேனேஜ்மென்ட் கோர்ஸ்" என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் இப்போது கொடுக்காதீர்கள். எஃப்ஆர்எம் என்ற ரிஸ்க் மேனேஜ்மென்ட் சான்றிதழ் நல்ல தகுதிதான், ஆனால் இரண்டு தேர்வும் தேறினாலும், இரண்டு வருஷ வேலை அனுபவம் இருந்தால்தான் சான்றிதழ். கட்டணமும் டாலரில். வேலைக்குச் சேர்ந்தபின், வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை முடித்துவிட்டு அதைத் தொடலாம்.

தனியார் வங்கி வேலை வந்தால் பதவியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு "ரிலேஷன்ஷிப் மேனேஜர்" என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். மாசக் கடைசியில் அவள் செய்தது, எஃப்டி போட வந்த பெரியவரை இன்ஷூரன்ஸ் பாலிசி பக்கம் தள்ளுவது. எட்டாவது மாசம் விட்டுவிட்டாள். கொந்தளிப்பு வந்தால் முதலில் எகிறுவது டார்கெட், அடுத்து அந்த நாற்காலி. ஆஃபர் லெட்டர் வந்ததும், கடன் பரிசீலனையா, விற்பனையா, மாத டார்கெட் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். சென்னையில் வெளிநாட்டு வங்கிகளின் அலுவலகங்களிலும் ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் (விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பது) வேலைகள் நிறைய. சம்பளம் நன்றாக இருக்கும். லண்டனில் ஆள் குறைத்தால் பெருங்குடியிலும் குறைக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

சரி, அப்பா விஷயம். அவருடைய கம்பெனிக்கு பேங்கில் சிசி கணக்கு (சரக்கை ஈடாகக் காட்டி வேண்டியபோது எடுக்கிற கடன்) இருந்தால் மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்தாக வேண்டும். நூல் எத்தனை மூட்டை, தறியில் எவ்வளவு, தைத்தது எவ்வளவு என்று எல்லாம் அதில் வரும். சரக்கு 80 லட்சம், அதில் நூல்காரருக்குத் தர வேண்டியது 20 லட்சம் என்றால் மிச்சம் 60. பேங்க் அதில் 25 சதவீதத்தை மார்ஜின் என்று கழித்தால் டிராயிங் பவர், அதாவது எடுக்க முடிகிற கடன், 45 லட்சம். பாடப்புத்தகத்தில் இது நான்கு வரி. நிஜத்தில், விற்காத பழைய சரக்கையும் பழைய விலைக்கே எழுதலாமா என்ற இடத்தில்தான் பேனா தயங்கும்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இந்த மாச ஸ்டேட்மென்டை அப்பா போடும்போது பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். குடோனுக்குப் போய் அவளே எண்ணட்டும். கம்பெனிக் கணக்கு வெளியே போகக் கூடாது, அதனால் எனக்குத் தொகை எதுவும் வேண்டாம். பேங்க் மேனேஜராக அவள் இருந்தால் எந்த வரியில் பேனாவை வைத்து "இது என்ன?" என்று கேட்டிருப்பாள் என்பதை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.